மொந்தையன் வரையச் சொன்ன எதிரி

ஒரு காட்டை இரண்டாகப் பிளந்துகொண்டு ஓர் ஆறு ஓடியது. இந்தக் கரையில் மொந்தையன் என்றொரு கரடி தேன் விற்றான். அந்தக் கரையில் சடையன் என்றொரு கரடி தேன் விற்றான்.

விற்றான் என்றால் காசுக்கு இல்லை. காட்டில் ஏது காசு? முயல் கிழங்கு கொண்டுவரும். குரங்கு அத்திப்பழம் கொண்டுவரும். காட்டுப்பன்றி மூங்கிலரிசி கொண்டுவரும். கொண்டுவந்ததைக் கொடுத்துவிட்டு, தேனடையைத் தேக்கிலையில் பொதிந்து வாங்கிப் போகும்.

கோடையில் ஆறு வற்றும். கற்கள் வெளியே தெரியும். அப்போது இக்கரை விலங்குகள் மொந்தையனின் மரத்தைத் தாண்டி, கல்லுக்குக் கல் தாவி, சடையனிடம் தேன் வாங்கப் போகும். திரும்பும்போது இலைப் பொதியிலிருந்து தேன் சொட்டும். மொந்தையன் மரத்தடியில் உட்கார்ந்து அந்தச் சொட்டுகளையே பார்த்துக்கொண்டிருப்பான்.

"அவன்கிட்ட என்னத்தைக் கண்டாங்க?" என்று முணுமுணுப்பான்.

என்னத்தைக் கண்டார்கள் என்பது அவனுக்கே தெரியும். தேனீக்கள் அடையை மெழுகால் மூடும்வரை சடையன் காத்திருப்பான். மூடிய அடையில்தான் தேன் முற்றியிருக்கும். மொந்தையனுக்கு அந்தப் பொறுமை கிடையாது. வேறு யாராவது முந்திக்கொள்வார்களோ என்ற பதற்றத்தில் மூடாத அடையை அறுத்துவிடுவான். அந்தத் தேன் தண்ணீராக ஓடும். சீக்கிரமே புளித்தும் போகும். காடு முழுக்க இது தெரியும். மொந்தையனுக்கும் தெரியும். ஒப்புக்கொள்ளத்தான் மனம் வரவில்லை.

இதையாவது அவன் பொறுத்துக்கொண்டிருப்பான். ஒரு நாள் மாலை அவன் வீட்டுக்கு வந்தபோது, அவனுடைய மனைவி வீராயி தன் நகங்களை ஒவ்வொன்றாக நக்கிக்கொண்டிருந்தாள்.

"என்ன அது?" என்றான் மொந்தையன்.

"குரங்கு குடுத்துச்சு. அக்கரைத் தேனாம். நீங்களும் ஒரு வாய் சாப்பிட்டுப் பாருங்க."

"நம்ம வீட்டுலதான் தேன் இருக்கே."

"இருக்கு. இல்லைன்னு யாரு சொன்னா? இருந்தாலும்..." என்றாள் வீராயி. மீதியைச் சொல்லாமல் அடுத்த நகத்தை நக்கினாள்.

அந்த 'இருந்தாலும்' மொந்தையனின் வயிற்றுக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. மறுநாள் கரையான் புற்றைத் தோண்டினான், சாப்பிட முடியவில்லை. ஊர் போனால் போகட்டும், கட்டியவளுமா? சடையன் எங்கோ மரத்தடியில் நிம்மதியாகக் குறட்டை விட்டுக்கொண்டிருப்பான் என்று நினைக்க நினைக்க இவனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

ஆற்றோரத்தில் எல்லா விலங்குகளும் தண்ணீர் குடிக்கும் துறை ஒன்று இருந்தது. அங்கே சுவர் போல ஒரு பெரிய பாறை நின்றது. அதன் அருகில் முள்ளன் என்ற முள்ளம்பன்றி குடியிருந்தான். உதிர்ந்த முள்ளைத் தூரிகையாக்கி, செம்மண்ணையும் கரியையும் வேங்கைப் பிசினில் குழைத்து, பாறையில் படம் வரைவான். மழை பெய்தாலும் அழியாது. வரைந்ததெல்லாம் ஊருக்கு உபயோகமான படங்கள். பாறைக்குக் கீழே இருந்த மடுவில் ஒரு முதலை கிடந்தது. அந்த முதலையைப் பாறையின் நடுவில் பெரிதாக வரைந்து வைத்திருந்தான். அதைப் பார்த்து ஒதுங்கிப் பிழைத்த குட்டிகள் ஏராளம். அதனால் பாறையில் ஒன்று வந்துவிட்டால் அது உண்மைதான் என்று எல்லோரும் நம்பினார்கள்.

மொந்தையன் ஒரு பொதி தேனோடு முள்ளனிடம் போனான்.

"முள்ளா, எனக்கு ஒரு படம் வேணும். என் தேனைப் பத்தி."

"வரைஞ்சுட்டாப் போச்சு அண்ணே. 'நல்ல தேன்'னு கீழே எழுதிடவா?"

மொந்தையன் யோசித்தான். "வேண்டாம். நல்ல தேன்னு எழுதினா சாப்பிட்டுப் பார்த்து ஒப்பிடுவாங்க. 'நம்ம தேன்'னு எழுது. அதை யாரும் ஒப்பிட மாட்டாங்க."

பொறாமைக்காரனுக்கு மூளை இல்லை என்று யார் சொன்னது? மறுநாள் பாறையின் ஓரத்தில் ஒரு கொழுத்த முயல் தேன் குடித்துக்கொண்டிருந்தது. எழுத்துத் தெரிந்த கிளி எல்லோருக்கும் உரக்கப் படித்துக் காட்டியது. "நம்ம கரை! நம்ம தேன்!"

கேட்கவே நன்றாக இருந்தது. விலங்குகள் தலையை நிமிர்த்திக்கொண்டு மொந்தையனிடம் வந்தன. புளித்த தேனைக் குடித்துவிட்டு முகத்தைச் சுளிக்காமல் போயின. கொஞ்ச காலம்தான். பிறகு, குட்டிக்கு இருமல் என்று ஒரு முயல் கல் தாண்டியது. விருந்தாளி வந்திருக்கிறார் என்று ஒரு குரங்கு தாண்டியது. மொந்தையன் எல்லாவற்றையும் பார்த்தான்.

"முள்ளா, இன்னொரு படம்" என்றான்.

இந்த முறை ஒரு குரங்கு தலை குனிந்துகொண்டு, பொதியை வயிற்றோடு அணைத்தபடி கல் தாண்டியது. கரையில் நின்று அதன் குட்டிகள் பார்த்துக்கொண்டிருந்தன. கிளி படித்தது. "அக்கரைக்குப் போகிறாயே, பிள்ளைகளுக்கு என்ன பதில் சொல்வாய்?"

உண்மையான குட்டிகள் அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போய்த் தங்கள் அம்மாவை ஏற இறங்கப் பார்த்தன. அம்மாக்கள் கூனிக் குறுகிப் போனார்கள். கல் தாண்டுவது நின்றது. நின்றது என்றுதான் மொந்தையனும் நினைத்தான். ஒரு நாள் காட்டுப்பன்றி அவனுக்கு எதிரே வந்து கொட்டாவி விட்டது. அதன் வாயில் சடையனின் தேன் மணத்தது.

"ஆத்து வளைவுக்கு அந்தப் பக்கமாப் போய் வாங்கிட்டு வர்றாங்க" என்று மொந்தையன் பல்லைக் கடித்தான். "நான் கொடுக்கிறதையும் வாங்கிக்கிட்டு, அவன்கிட்டயும் போறாங்க!"

அந்த நேரத்தில் ஒரே ஒரு அடையை மெழுகு மூடும்வரை அவன் விட்டுவைத்திருக்கலாம். அவ்வளவு எளிய வேலை. ஆனால் தன் தேனை நன்றாக ஆக்குவதில் அவனுக்கு நாட்டம் போய்விட்டது. சடையன் நன்றாக இருக்கக் கூடாது, அதுதான் வேண்டும். பொறாமை முற்றினால் அப்படித்தான்.

மூன்றாவது முறையாக முள்ளனிடம் போனான். "சடையன் நம்ம மேல படையெடுத்து வர்ற மாதிரி ஒரு படம் வேணும்."

"வர்றானா?"

"வருவான். வராம இருப்பானா? நம்ம கரை மேல அவனுக்குக் கண்ணு."

முள்ளன் தூரிகையைக் கீழே வைத்தான். "நான் சடையனைப் பார்த்ததே இல்லையே அண்ணே. பார்க்காத முகத்தை எப்படி வரையுறது?"

"கரடிக்குக் கரடி என்ன பெரிய வித்தியாசம்? என்னைப் பார்த்து வரை."

"சரி, அப்படி உட்காருங்க. அவனைப் பத்திப் பேசிக்கிட்டே இருங்க. எனக்கும் ஒரு தோது கிடைக்கும்."

மொந்தையன் உட்கார்ந்து பேசினான். சடையனின் தேனைப் பற்றிப் பேசினான். அந்தப் பொதிகளைப் பற்றி, சொட்டுகளைப் பற்றி, வீராயி நக்கிய நகங்களைப் பற்றிப் பேசினான். பேசப் பேச உதடு மேலே ஏறியது. பற்கள் ஈறுவரை தெரிந்தன. கண்கள் சிவந்தன. கடைவாயில் நுரை தள்ளியது. முள்ளன் தலை நிமிர்ந்து பார்ப்பான், குனிந்து வரைவான். கண்ணால் பார்த்ததை மட்டும் வரைவதுதான் அவன் வழக்கம். கரடிகளின் மார்பில் வெள்ளையாக ஒரு கவட்டைக் குறி இருக்கும். மொந்தையனின் குறி, சின்ன வயதில் முள் கிழித்து, இடது பக்கம் பாதியோடு நின்றிருந்தது. முள்ளன் அதையும் அப்படியே வரைந்தான்.

ஒன்று சொல்ல மறந்துவிட்டேன். இவ்வளவு பெரிய படத்துக்குப் பாறையின் நடுவில்தான் இடம் இருந்தது. அங்கே முதலை இருந்தது.

"முதலையை அழிக்கணுமே அண்ணே" என்று முள்ளன் தயங்கினான்.

"அது எல்லாருக்கும்தான் தெரியுமே. மேலேயே பூசு" என்றான் மொந்தையன்.

படம் முடிந்ததும் எட்ட நின்று பார்த்தான். உடம்பு சிலிர்த்தது. "அப்படியே அவனேதான்!" என்றான்.

மறுநாள் துறையில் தண்ணீர் குடிக்க வந்தவர்கள் குடிக்காமலே திரும்பி ஓடினார்கள். கிளியின் குரலே நடுங்கியது. "அக்கரையான் வருகிறான்! உன் கரையைக் காக்க நீ இருக்கிறாயா?"

இக்கரைக்குத் தலைவர் கொம்பையா என்ற காட்டெருமை. நல்லவர்தான். ஆனால் பாறையில் வந்ததைச் சந்தேகப்பட அவருக்குத் தெரியாது. எல்லோரையும் கூட்டினார்.

"அவன் தேன் வித்து நல்லாத்தானே இருக்கான், எதுக்கு வரணும்?" என்று ஒரு முயல் மெல்லக் கேட்டது.

"உனக்கு அக்கரைத் தேன் ருசி. அதான் இப்படிப் பேசுற" என்றான் மொந்தையன். முயல் வாயை மூடிக்கொண்டது. அதன்பிறகு வேறு யாரும் கேட்கவில்லை.

"அவன் வர்றதுக்கு முன்னாடி நாம போயிடணும்" என்றார் கொம்பையா. பாறையில் இன்னொரு படம் ஏறியது. கொம்பையா கொம்பை நீட்டி நேராகப் பார்த்தார். எங்கே நின்று பார்த்தாலும் நம்மையே பார்ப்பது போல இருந்தது. "உன்னைத்தான் கூப்பிடுகிறது உன் கரை!" என்று கிளி கத்தியது. படையில் சேர்ந்தவர்கள் நெற்றியில் வெள்ளை மண் பூசிக்கொண்டார்கள்.

மொந்தையன் பூசிக்கொள்ளவில்லை. "எனக்குக் கால்ல வலி. அதுவும் போக, போருக்குப் போறவங்களுக்குத் தேன் யார் குடுக்கிறது?" என்றான். புளித்த தேனுக்கு அப்படி ஒரு கிராக்கி வந்தது. சடையன் ஓடிப்போவான், அக்கரை மரத்தடி காலியாகக் கிடக்கும் என்று எண்ணி எண்ணி அவன் மகிழ்ந்தான். மழையும் தொடங்கியது. ஆறு பெருகிக்கொண்டிருந்தது.

படை புறப்படும் நாள் விடியற்காலையில் வீராயி அவன் முன்னால் வந்து நின்றாள். நெற்றியில் வெள்ளை மண்.

"என்ன இது?" என்றான் மொந்தையன்.

"நானும் போறேன். குட்டியைப் பார்த்துக்கோங்க."

"உனக்கென்ன பைத்தியமா? நீ எதுக்கு?"

"அந்தப் படத்தைப் பார்த்ததுல இருந்து நம்ம பொண்ணு தண்ணி குடிக்கப் போக மாட்டேங்குறா. தூக்கத்துல அலறுறா. அவன் இங்க வந்துட்டா முதல்ல நம்ம வீட்டுக்குத்தான் வருவான். தேன் இங்கதானே இருக்கு?"

"அது வெறும் படம், வீராயி."

"பாறையில வெறும் படம் எப்போ வந்துச்சு? முதலைப் படம் பொய்யா?"

மொந்தையன் வாயைத் திறந்தான். கரடிப் படம் பொய், நான்தான் வரையச் சொன்னேன் என்று சொன்னால் போதும். ஆனால் ஏன் வரையச் சொன்னீர்கள் என்று அவள் கேட்பாள். சடையன் தேன் என் தேனைவிட நன்றாக இருக்கிறது, நீயே அதை நக்கினாய் என்று சொல்ல வேண்டியிருக்கும். அவன் வாயை மூடிக்கொண்டான். வீராயி போய்விட்டாள்.

கொஞ்ச நேரம் அவள் காலடித் தடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். தடத்தில் மழைத் தண்ணீர் தேங்கியது. அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. ஆறு பெருகியிருக்கிறது. கற்கள் முழுகியிருக்கும். கல் இல்லையென்றால் எங்கே இறங்குவார்கள்? கரை தாழ்வாக இருப்பது ஓர் இடத்தில்தான். பாறைக்குக் கீழே, முதலை மடுவில்.

அங்கே இறங்காதே என்று சொல்லும் படம்தான் இப்போது இல்லையே. எல்லோருக்கும் தெரியும் என்று அவனே சொன்னான். தெரியும்தான். ஆனால் இத்தனை நாளாக எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தது கரடியை. முதலையை யார் நினைத்தார்கள்?

குட்டியைப் பொந்துக்குள் விட்டுவிட்டு மொந்தையன் ஓடினான். கால்வலி எங்கே போனதோ. பாதை சுற்று என்று ஆற்றோரச் சேற்றிலேயே விழுந்து எழுந்து ஓடினான். மேலே கொம்பையாவின் குரல் கேட்டது. "இங்க கரை தாழ்வா இருக்கு. ஒவ்வொருத்தரா இறங்குங்க." முதல் ஆளாக இறங்கிக்கொண்டிருந்தது வீராயி.

சேறும் தண்ணீருமாக மொந்தையன் அவர்களுக்கு முன்னால் எழுந்து நின்றான். "இறங்காதீங்க!" என்று கத்தினான். மூச்சிரைப்பில் சொல் வரவில்லை. உறுமல்தான் வந்தது. கண்கள் சிவந்திருந்தன. பற்கள் ஈறுவரை தெரிந்தன. கடைவாயில் நுரை.

படை அவனைப் பார்த்தது. தலைக்கு மேலே பாறையைப் பார்த்தது.

"அக்கரையான்!" என்று கிளி அலறியது. "வந்துட்டான்! அவனேதான்!"

கல் பறந்து வந்து அவன் நெற்றியைப் பிளந்தது. காட்டுப்பன்றி பாய்ந்து தொடையைக் கிழித்தது. குரங்குகள் கையில் அகப்பட்டதை எல்லாம் எறிந்தன. மொந்தையன் நினைத்திருந்தால் தண்ணீரோரமாகவே ஓடித் தப்பித்திருக்கலாம். ஓடவில்லை. அவன் விலகினால் அடுத்த அடி வீராயி மடுவில் வைப்பாள். இரண்டு கைகளையும் விரித்துக்கொண்டு அங்கேயே நின்றான். வீராயி நகங்களை ஓங்கிக்கொண்டு வந்தாள்.

ஓங்கிய கை நின்றுவிட்டது. சேறு வழிந்த மார்பில், இடது பக்கம் பாதியோடு நின்ற வெள்ளைக் குறி.

"நிறுத்துங்க! இது எங்க வீட்டுக்காரர்!" என்றாள்.

அதே நேரம் மடு கலங்கியது. முதலை மேலெழும்பி மொந்தையனின் காலைக் கவ்வியது. வீராயி அவன் தோளைப் பிடித்து இழுத்தாள். கொம்பையா பாய்ந்து வந்து முதலையின் மூக்கில் முட்டினார். கால் விடுபட்டது. பாதம் மட்டும் பழைய பாதமாக இல்லை.

மொந்தையனைக் கரையில் கிடத்தினார்கள். எல்லோரும் அவனைப் பார்த்தார்கள், பாறையைப் பார்த்தார்கள், மறுபடி அவனைப் பார்த்தார்கள். காட்டுப்பன்றிதான் கேட்டது. "படத்துல இருக்கிறவனுக்கும் அந்தக் குறி பாதிதான் இருக்கு. அது எப்படி?"

"அது நான்தான்" என்றான் மொந்தையன். "சடையன் வரவும் இல்லை, வரப்போறதும் இல்லை. அவன் தேன் நல்லா இருந்துச்சு. எனக்குத் தாங்கலை. உங்களையெல்லாம் கரை கரைன்னு கூப்பிட்டேனே, எனக்குக் கரை மேல பாசமெல்லாம் ஒண்ணும் இல்லை. அவன் மேல பொறாமைதான்."

கொம்பையா நெற்றி மண்ணை மரத்தில் தேய்த்து அழித்தார். அன்று சந்தேகம் கேட்ட முயல் மொந்தையனின் பக்கத்தில் வந்து ஒரு முறை பார்த்துவிட்டுப் போய்விட்டது.

வெள்ளம் வடிந்ததும் சடையன் கல் தாண்டி வந்தான். காயத்துக்குப் போட என்று மூடிய அடை ஒன்றை இலையில் கொண்டுவந்தான். பாறையை ஒரு முறை நிமிர்ந்து பார்த்தான்.

"அந்தப் படம் அக்கரையில இருந்தே தெரிஞ்சுது. யாரோ பாவம், பல்வலிக்காரன் போலன்னு பேசிக்கிட்டோம்" என்றான்.

வீராயி தேனைக் காயத்தில் தடவினாள். மொந்தையன் விரலில் ஒட்டியதை நக்கிப் பார்த்தான். நன்றாகத்தான் இருந்தது. வயிற்றில் பழைய இடத்தில் சுருக்கென்றது. அது அவ்வளவு சுலபத்தில் போகுமா? ஆனால் அந்த வருஷம் அவன் ஓர் அடையை மெழுகு மூடும்வரை விட்டுவைத்தான்.

முள்ளன் பாறையைச் சுரண்டிச் சுரண்டிப் பார்த்தான். வேங்கைப் பிசின் விடவில்லை. பக்கத்தில் கிடைத்த சின்ன இடத்தில் முதலையைத் திரும்ப வரைந்தான். துறைக்குத் தண்ணீர் குடிக்க வந்த மொந்தையனின் குட்டி, பெரிய படத்தைப் பார்த்ததும் அம்மாவின் முதுகில் முகத்தைப் புதைத்துக்கொண்டது. பிறகு மெல்லத் தலையைத் தூக்கி, நொண்டிக்கொண்டு வரும் அப்பாவைப் பார்த்தது.

"அப்பா, அது நீங்களா?"

"ஆமா" என்றான் மொந்தையன்.

குட்டி அன்று அவன் பக்கத்தில் நின்று தண்ணீர் குடிக்கவில்லை.

தன் பொறாமைக்கு ஊர்ப்பற்று என்று பெயர் வைத்து ஊரை ஏவி விடுகிறவன், எதிரியின் முகம் என்று தன் முகத்தையே எழுதி மாட்டுகிறான்.